பாலையடிக் கரையின் சொந்தக்காரி

கடிதம் திருமதி பேச்சியம்மாவின் பெயருக்கு வந்திருந்தது. தபால்காரர் அதை மூன்று நாள் பையில் வைத்துக்கொண்டு பாலையடி முழுக்க விசாரித்துவிட்டு, கடைசியில் சுலோஜனாவின் வேலிப் படலையில் வந்து மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"சுலோக்கா, உங்கட குறிச்சியில பேச்சியம்மா எண்டு ஆர் இருக்கினம்? வயசான மனிசியோ?"

சுலோஜனா மீன் கழுவின கையை உடுத்திருந்த சோட்டியில் துடைத்தாள்.

"ஒரு பேச்சியம்மாதான் இருக்கிறா. கோயிலுக்குள்ள இருக்கிறா. அங்க கொண்டுபோய்க் குடுங்கோ."

"பகிடி விடாதேங்கோ. பதிவுத் தபால். ஆராவது கையெழுத்து வைக்கத்தான் வேணும்."

சுலோஜனா வைத்தாள். அங்கேதான் எல்லாப் பிழையும் தொடங்கினது என்று அவளுடைய புருசனின் தமையன் யோகலிங்கம் பிறகு பல தடவை சொன்னார்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: பாலையடிக் கரைவலைப் பாட்டின் பதிவு செய்யப்பட்ட உரிமையாளராகிய பேச்சியம்மா பதினான்கு நாட்களுக்குள் அடையாள அட்டையுடன் கடற்றொழில் கந்தோருக்கு வரவேண்டும். அவர் காலமாகியிருந்தால் மரணச் சான்றிதழும் வாரிசு விபரமும் கொண்டுவர வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அது வெறுங்கரை என்று கருதப்பட்டு வேறு தேவைக்கு வழங்கப்படும்.

வேறு தேவை என்னவென்று யாரும் கேட்கவேண்டியிருக்கவில்லை. பாலையடிக்குத் தெற்குப் பக்கம் ஹோட்டல் வந்து ஆறு வருசம். அதன் நீலக் குடைகளும் சாய்வுக் கதிரைகளும் ஒவ்வொரு சீசனும் நாலைந்து அடி வடக்கே நகர்ந்துகொண்டிருந்தன.

பாடு என்றால் கரைவலை போடுகிற இடம். தோணி வலையையும் கயிற்றையும் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாய் விட்டுவிட்டு வரும். பிறகு கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள்; மீன் சேருகிற நடுப்பைதான் மடி. பாலையடியில் பாடு ஒன்று, குடும்பம் ஏழு. நாளுக்கு ஒரு குடும்பத்தின் முறை. தன் முறைநாளில் பட்ட மீன் முறைகாரருக்கும் கயிறு பிடித்தவர்களுக்கும். ஒன்றும் படாவிட்டாலும் முறை முறைதான், அடுத்த நாள் அடுத்தவருக்கு. ஆறு தமிழ்க் குடும்பம். ஏழாவது ஜவ்பர் நானாவின் முஸ்லிம் குடும்பம். அவருடைய முன்னோர் கிண்ணியாவிலிருந்து தோணி ஓட்ட வந்து, இவர்களோடு வலைக்கு நின்றுவிட்டவர்கள். சுலோஜனாவின் புருசன் ஈரல் வருத்தத்தில் போன பிறகு அந்த வீட்டு முறையை அவள்தான் ஒன்பது வருசமாய்ப் பார்க்கிறாள். தோணியில் ஏறமாட்டாள். மற்றதெல்லாம் அவள்தான்.

இந்த ஏழு குடும்பமும் முன்னம் இருந்தது இங்கே இல்லை. உள்துறைமுகத்தில் ஒரு சின்னக் குடாவில். வெள்ளைக்காரனுக்குக் கப்பல் கட்டவும் எண்ணெய் வைக்கவும் அந்த இடம் தேவைப்பட்டது. பெட்டி சட்டியோடு எழும்பச் சொன்னான். எழும்பின ஆம்பிளைகளில் பாதிப் பேரை அவனே கூலிக்குக் கூப்பிட்டான். நேற்றுவரை தன் கடலில் தான் நினைத்த நேரம் போனவன், அடுத்த நாள் சங்கு ஊதினால் உள்ளே போய், சங்கு ஊதினால் வெளியே வந்தான். மற்றப் பாதிப் பேர் வலையைத் தூக்கிக்கொண்டு ரவுணுக்கு வடக்கே இந்தப் பாலை மரத்தடிக்கு வந்தார்கள். வந்து இரண்டு வருசத்தில் வெள்ளைக்காரனும் ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தான். ஒவ்வொரு கரைக்கும் ஒரு சொந்தக்காரன் இருக்கவேண்டும், பெயரைச் சொல்லு என்றான். அந்தப் புத்தகத்தில்தான் பேச்சியம்மன் பேச்சியம்மாவானது.

பாலையடியில் இது பகிடிக் கதை. கலியாண வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது எடுத்துவிடுவார்கள். இது ஆருடைய கரை என்று துரை கேட்டானாம். நம்மட ஆக்கள் பேச்சியம்மாட கரை என்று சொன்னார்களாம். அவன் யாரோ ஒரு கிழவி என்று நினைத்து எழுதிக்கொண்டு போனானாம். அவ்வளவு விவரம் நம்மட ஆக்கள்!

கந்தோருக்கு மூன்று பேர் போனார்கள்: யோகலிங்கம், ஜவ்பர், சுலோஜனா. அங்கே இருந்த உத்தியோகத்தர் நிருஜா இளம் பிள்ளை, வந்து ஏழு மாதம்தான். கடிதத்தைப் பார்த்து, கதையைக் கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டாள்.

"அப்ப இந்த ஆள் செத்ததெண்டும் சொல்ல ஏலாது, உயிரோட இருக்கிறா எண்டும் சொல்ல ஏலாது."

"உயிரோடதான் இருக்கிறா. போன வைகாசியும் பொங்கினனாங்கள்," என்றார் யோகலிங்கம். "மிஸ், எங்கட முன்னோர் விவரமில்லாத சனம். அதை விடுங்கோ. இப்ப என்ன செய்யலாம் எண்டு சொல்லுங்கோ."

நிருஜா ஒரு படிவத்தை எடுத்துப் போட்டாள். உரிமையாளர் பெயர் என்று ஒரு கோடு. அதற்குக் கீழே ஆட்சேபனை இல்லை என்று மற்றவர்கள் கையெழுத்து வைக்க இடம்.

"ஒரு பேர் வேணும். ஏழு பேர்ல ஆருடையதாவது. மற்ற ஆறு பேரும் கையெழுத்து வைச்சா ரெண்டு கிழமையில வலை போடுற பாஸ் வரும்."

"ஏழு பேரையும் போட ஏலாதோ?" என்று கேட்டாள் சுலோஜனா.

"கோடு ஒண்டுதானே அக்கா இருக்கு. கம்பியூட்டரும் ஒண்டைத்தான் எடுக்கும்." நிருஜா கொஞ்சம் யோசித்தாள். "பொம்பிளை தலைமை தாங்கிற குடும்பம் எண்டா இப்ப கெதியா முடியும். அக்காட பேரையே போடலாம்."

யோகலிங்கத்தின் முகம் சுருங்கினதைச் சுலோஜனா பார்த்தாள். ஜவ்பர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"போடுங்க தங்கச்சி," என்றார். "இவ்வளவு காலம் எங்கட முறையும் ஒங்கட பேச்சிட பேர்லதான் இரிந்த. அவ எங்களுக்கு ஒரு கரைச்சலும் தரல்ல. நீங்களும் தரமாட்டீங்க."

சுலோஜனாவுக்கு அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது இருப்புக்கொள்ளவில்லை. பயமில்லை. ஆசை. நாற்பத்தாறு வயதில் அவளுடைய பெயர் எழுதியிருந்தது அடையாள அட்டையில் மட்டும்தான். வளவு புருசனின் பெயரில், தோணி புருசனின் பெயரில், லைட் பில்கூட மாமனாரின் பெயரில் வந்தது. ஒரு கரை முழுக்க அவளுடைய பெயரில் என்றால்! பஸ் யன்னலில் விரலால் தன் பெயரை எழுதிப் பார்த்தாள். பிறகு யாரும் பார்க்கிறார்களோ என்று வெட்கப்பட்டு அழித்தாள்.

இறங்கிக் கரைப்பக்கமாய் நடந்தபோது தனோஜன் நின்றான். ஹோட்டல் பெயர் போட்ட சேட்டு, கழுத்தில் அட்டை. தெற்குக் கரைக்காரப் பிள்ளை. ஹோட்டல் நிற்கிற அந்தக் கரை இவனுடைய குடும்பத்தின் பாடாய் இருந்தது. இப்போது அதே இடத்தில் வெள்ளைக்காரருக்குக் குடை விரிக்கிறான். ஒவ்வொரு விடியலும் பாலையடிக் கரையைப் போனில் படமெடுத்து மேலிடத்துக்கு அனுப்புவதும் அவனுடைய வேலை. வெறுங்கரை என்று காட்டத்தான்.

"மாமி, உங்கட பேர்ல வரப்போகுதாம், ஜவ்பர் நானா சொல்லிக்கொண்டு போறார். நல்லது. எங்கட சேர் சந்தோசப்படுவார்."

"உன்ர சேருக்கு ஏன் சந்தோசம்?"

"ஏழு வீட்டுக்கு ஏறி இறங்கிக் கதைக்கத் தேவையில்லையே. ஒராளோட கதைச்சா முடிஞ்சுது." அவன் குத்தலுக்குச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னான். "எங்கட கரையும் அப்பிடித்தானே போனது. அப்பப்பான்ர அப்பா ஒராள்ட பேர். அவருக்குப் பிறகு மூத்த மகன். மற்ற ஆக்கள் எல்லாம் அவருக்குக் கூலிக்கு இழுத்தவை. கடைசியில கொழும்பில இருக்கிற ஒராள், இந்தக் கடலைக் காணாத ஆள், கையெழுத்து வைச்சவர். எங்களுக்கு வேலி அடிக்க வந்தாப் பிறகுதான் தெரியும்."

"உனக்குக் கோவம் வரேல்லையோ?"

"வந்தது. பேந்து வேலை தந்தவை," என்றான் தனோஜன். அதற்குமேல் சொல்லாமல் குடைகளைப் பார்க்கப் போய்விட்டான்.

அடுத்த நாள் சுலோஜனா தனியே கந்தோருக்குப் போனாள். கையெழுத்து வைக்கத்தான் போனாள், அதை ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் படிவத்தைக் கையில் எடுத்ததும் கேட்டாள்:

"தங்கச்சி, அந்தப் பழைய புத்தகத்தை ஒருக்கால் பாக்கலாமோ?"

நிருஜா உள்ளே போய் அதன் போட்டோப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்தாள். ஆங்கிலம். இடப்பக்கம் தெற்குக் கரை: ஒரு பெயர், ஒரு கைநாட்டு. வலப்பக்கம் பாலையடி: பேச்சியம்மா, பெண். அதற்குக் கீழே நாலைந்து வரி எழுதியிருந்தது.

"இது என்ன?"

நிருஜா மெல்ல வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுடைய குரல் இறங்கியது. "ஏழு பேர் வந்தார்கள். இது ஒரு தெய்வத்தின் பெயர், ஆளின் பெயர் அல்ல என்று அவர்களுக்கு நான் விளங்கப்படுத்தினேன். ஒருவருடைய பெயரைத் தந்தால் அவருக்குக் கப்பல் கட்டும் டொக்யார்ட்டில் மேஸ்திரி வேலை கிடைக்கும் என்றும் சொன்னேன். மூன்று முறை கேட்டேன். ஒருவரும் தன் பெயரைத் தரவில்லை. மற்றவரின் பெயரைச் சொல்லவும் மறுத்தார்கள். நேரம் போய்விட்டதால் அவர்கள் சொன்னதையே எழுதுகிறேன்."

சுலோஜனா அந்த வரிகளின் மேல் விரலை வைத்தாள். சுவரில் காற்றாடி கறகறவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப துரைக்குத் தெரியும்."

"ஓமக்கா. தெரிஞ்சுதான் எழுதியிருக்கிறார்."

"எங்கட ஆக்களுக்கும் தெரியும்."

நூறு வருசமாய்ச் சிரித்திருக்கிறார்கள். விவரமில்லாத சனம் என்று தங்கள் ஆட்களையே கலியாண வீட்டில் இருத்திவைத்துச் சிரித்திருக்கிறார்கள். வீட்டை விட்டு எழுப்பப்பட்டு, பாதிப் பேர் சங்குச் சத்தத்துக்கு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், வயிறு காய்ந்த ஏழு பேர், மேஸ்திரி வேலை தருகிறேன் என்றவனின் முன்னால் நின்று வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள். அதில் ஒருவன் ஜவ்பரின் ஆள். அவனும் பேச்சி என்றே சொல்லியிருக்கிறான்.

சுலோஜனா பேனையை எடுத்தாள். உரிமையாளர் பெயர் என்ற கோட்டில், குண்டு குண்டு எழுத்தில், பேச்சியம்மா என்று எழுதினாள்.

"அக்கா! இதை எடுக்க ஏலாது!"

"நீங்கள் எடுக்காதேங்கோ. வந்ததெண்டு சீல் குத்தி இதுக்கு ஒரு கொப்பி தாங்கோ."

"எனக்குப் பேச்சு விழும்."

"விழட்டும். உங்களுக்குச் சம்பளம் இருக்கு, எனக்குக் கரை ஒண்டுதான் இருக்கு."

நிருஜாவின் முகம் சிவந்தது. ஆனால் சீல் குத்திக் கொப்பியைக் கொடுத்தாள்.

பாலையடியில் அன்று பின்னேரம் நடந்த சண்டை சின்னச் சண்டை இல்லை. யோகலிங்கம் மடித்துக் கட்டின சாரத்தோடு முற்றத்தில் நின்று கத்தினார்.

"உனக்கு விசரோ? பேரை உனக்குத் தாறம் எண்டு நான் வாயை மூடிக்கொண்டு இருந்தனான். நீ கொண்டுபோய்ச் சாமிட பேரை எழுதிப்போட்டு வாறாய்! அவங்கள் நாளைக்கே வேலி போடுவாங்கள்!"

"போடட்டும் அத்தான். என்ர பேரை எழுதினா நான் இருக்குமட்டும் கரை இருக்கும். பேந்து? என்ர மகள் கனடாவில. அவளிட்ட ஒருத்தன் போன் எடுத்துக் கதைச்சா? அவளுக்கு முறை தெரியுமோ, மடி தெரியுமோ?"

"சட்டம் ஒரு பேர் கேக்குது!"

"அண்டைக்கும் சட்டம்தான் கேட்டது."

"அண்டைக்கு அவங்கள் படிக்காத ஆக்கள்!"

"அத்தான், அவையளைப்பற்றி இனி அந்தக் கதை கதைக்காதேங்கோ. சொல்லிப்போட்டன்."

யோகலிங்கம் அந்தப் படிவத்தில் இன்னொன்றை எடுத்துவந்து தன் பெயரை எழுதினார். மூன்று வீட்டில் கையெழுத்தும் வாங்கிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. பயந்த மனிதன், வேலி வந்துவிடும் என்று உண்மையாகவே பயந்தார். மற்ற மூன்று வீடு கொடுக்கவில்லை: சுலோஜனா, ஜவ்பர், வடக்கு முனையிலிருந்த இரத்தினேஸ்வரி. இரத்தினேஸ்வரி, யோகலிங்கம் நீட்டின பேனையை வாங்கிக் காது குடைந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள் என்று ஊர் முழுக்கக் கதை.

பதினாலு நாள் முடிந்தது. பதினைந்தாம் நாள் சுலோஜனாவின் முறை.

விடிய அவள் கரைக்கு வந்தபோது நீலக் குடைகள் பாலையடிக்குள் வந்திருந்தன. தெற்குக் கயிறு கரையேறும் இடத்தில் இரண்டு வரிசை கதிரை. நடுவில் ஒரு பலகை, ஆங்கிலத்திலும் சிங்களத்திலும். தமிழில் எழுத மறந்துவிட்டார்கள்.

ஜவ்பர் தோணியில் ஏறிக்கொண்டு, "என்னா செய்ற தங்கச்சி?" என்றார்.

"வலையை விடுங்கோ நானா. வழமையான இடத்தில."

"கயிறு வாற வழியில கதிரை இரிக்கே."

"கதிரைக்குக் கால் இருக்கு. எழும்பிப் போகும்."

தோணி போனது. கயிறு கையிலிருந்து கழன்று கழன்று கடலுக்குள் ஓடியது. அரைவட்டம் அடித்துத் தெற்குப் பக்கமாய் வந்து ஜவ்பர் மற்ற நுனியைக் கரையில் எறிந்தபோது, அது சரியாக முதல் வரிசைக் கதிரைக்கு முன்னால் விழுந்தது. சுலோஜனா போய் எடுத்தாள். இரண்டு கயிற்றுக்கும் சேர்த்து இருபத்தைந்து பேர். கையெழுத்து வைத்த வீட்டு ஆட்களும் நாலு பேர் வந்திருந்தார்கள். கையெழுத்து வேறு, கயிறு வேறு.

இழுக்கத் தொடங்கினால் கயிறு கரையில் பின்னால் பின்னால் போகும். இழுப்பவர்கள் கதிரைகளுக்குள் வந்தார்கள். முதல் கதிரை சரிந்தது. இரண்டாவதில் துவாயோடு படுத்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எழும்பி, தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு ஒதுங்கிப்போய் நின்றார். தனோஜன் ஓடி வந்தான். பின்னாலே ஹோட்டல் மனேச்சர். அரை மணித்தியாலத்தில் இரண்டு பொலிஸ்காரர்.

"நிப்பாட்டு அம்மா, நிப்பாட்டு!" என்றார் பொலிஸ்காரரில் பெரியவர். "பாஸ் இருக்கா?"

"கேட்டிருக்கிறம். சீல் குத்தின கொப்பி இருக்கு."

"பாஸ் இல்லாம போட ஏலாது. கயிறை விடுங்க."

"சேர், மடி கடலுக்குள்ள வந்துகொண்டிருக்கு. இப்ப விட்டா வலை, மீன் எல்லாம் போகும். இழுத்து முடிச்சிட்டு வாறன், நீங்கள் எங்க வரச்சொன்னாலும் வாறன். இல்லாட்டி இப்பவே கையைப் பிடிச்சுக் கொண்டுபோங்கோ. எனக்குப் பின்னால நிக்கிற ஆள் முன்னுக்கு வரும்."

பொலிஸ்காரர் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். இரத்தினேஸ்வரி அவரைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள். அவர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்து, மனேச்சரைப் பார்த்து, "வலை வந்தப் பிறகு பார்ப்போம்," என்றார்.

தனோஜன் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"எடு தம்பி," என்றாள் சுலோஜனா, கயிற்றை விடாமல். "படம் எடுக்கத்தானே உனக்குச் சம்பளம். எல்லாற்ற முகமும் தெரிய எடு. திகதியும் விழ எடு."

அவன் எடுத்தான். ஒன்றல்ல, பத்துப் பதினைந்து எடுத்தான். அதில் இரண்டை அன்று மத்தியானம் சுலோஜனாவின் போனுக்கும் அனுப்பினான், ஒரு சொல்லும் எழுதாமல்.

மடியில் பெரிதாய் ஒன்றும் இல்லை. சூடை மீனும் கொஞ்சம் கீரி மீனும். பொலிஸில் இரண்டு மணித்தியாலம் இருத்தி வாக்குமூலம் எடுத்தார்கள். அடுத்த மாதம் நீதவானிடம் வரவேண்டும் என்றார்கள். சுலோஜனா ஓமென்றாள்.

அங்கிருந்து அவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. பாலையடியில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்கு வலை போட்டவர் அடுத்த நாள் முறைகாரரின் படலைக்குப் போய், நாளைக்கு உங்கட முறை என்று வாயால் சொல்லவேண்டும். ஆள் விட்டுச் சொல்லக்கூடாது, போனில் சொல்லக்கூடாது. கொலைப்பகையில் இருக்கிற வீடுகள்கூட இதைத் தவறவிட்டதில்லை. அடுத்த முறை யோகலிங்கத்தின் முறை.

அவர் முன்விறாந்தையில் கதிரையில் இருந்தார். மேசையில் படிவம், மேலே காற்றுக்குப் பறக்காமல் ஒரு தேத்தண்ணிக் கோப்பை. அவளைக் கண்டும் காணாத மாதிரி இருந்தார்.

"அத்தான், நாளைக்கு உங்கட முறை."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சாலும் சொல்லவேணும்."

"பொலிசுக்குப் போய் வந்த ஆள் எனக்கு முறை சொல்ல வந்திட்டா," என்றார். "நான் வலை போட்டா என்னையும் பிடிப்பாங்கள். என்ர பேர் போட்ட கடதாசியும் குப்பையில போகும். நான் போகேல்ல எண்டா?"

"நீங்கள் போகாட்டி அதை இன்னொராள் எடுக்க ஏலாது. கரை வெறுமையாக் கிடக்கும். விடிய தனோஜன் வந்து படம் எடுப்பான். பேந்து உங்கட பேருக்குப் பாஸ் வரும், வலை விடக் கரை இராது."

யோகலிங்கம் கோப்பையைக் கொஞ்சம் நகர்த்திப் படிவத்தைப் பார்த்தார்.

"அந்தக் கடதாசியைக் கிழிக்கச் சொல்லி நான் கேக்கேல்ல. கேக்கவும் மாட்டன். உங்கட பயம் உங்களுக்கு. ஆனா முறையை விடாதேங்கோ."

"உனக்குச் சரியான திமிர் சுலோ. தம்பி இருந்திருந்தா இப்பிடிக் கதைச்சிருப்பியோ?"

"அவர் இருந்திருந்தா அவரையும் கூட்டிக்கொண்டுதான் வந்திருப்பன்."

வெளியே இரத்தினேஸ்வரி யாரோடோ உரத்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டு போனாள். இவ்வளவு வருசத்தில் யோகலிங்கம் ஒரு முறைநாளும் விட்டதில்லை, காய்ச்சலோடும் வந்து நின்றவர். அவர் கோப்பையைத் தூக்கி ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்தார். வெறுங்கோப்பையைத் திரும்பப் படிவத்தின் மேலேயே வைத்தார்.

"காத்து எப்பிடி இருந்தது?" என்று கேட்டார், முற்றத்தைப் பார்த்துக்கொண்டு.

"விடியக் கச்சான் காத்து படுத்துத்தான் கிடந்தது. எட்டு மணிக்குப் பிறகு எழும்பினது."

"அப்ப நாலரைக்கே தோணி இறங்கவேணும். தெற்குக் கயிறில எத்தினை பேர் நிண்டவை?"

"பன்னிரண்டு."

"காணாது. கதிரையளைத் தூக்கவும் ஆள் வேணும்," என்றார் யோகலிங்கம். "பதினைஞ்சு பேரையாவது கொண்டுவா."